சமீர் மருந்து

பாபநாசத்தில் குணசேகரன் மெடிக்கல்ஸில் பதினோரு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். யார் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடாமலேயே சாப்பிட்டதாகக் கதை விடுகிறார்கள் என்று கடைப்படி ஏறும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, பெற்ற அத்தாவே ஐந்து மாதம் ஏமாற்றினார். நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு அதோடு போயிற்று.

அத்தாவின் பெயர் அஹமது கபீர். ஊரில் அரிசி மண்டி வைத்திருந்தவர். அறுபத்தெட்டாவது வயதில், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆ தொழுதுவிட்டு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினார்.

"மெடிக்கல்ல வேலை பாக்குறீங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கெட்ட கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை இது. எல்.டி.எல். எழுபதுக்குள்ள இருக்கணும். இதை விட்டா திரும்ப அடைக்கும். அடுத்த தடவை தஞ்சாவூர் வரைக்கும் தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டில் நானும் அத்தாவும்தான். அம்மா மௌத்தாகி ஒன்பது வருடம். கட்டிக்கொடுத்த இடத்தில் அடி வாங்கிக்கொண்டு இருக்கப் பிடிக்காமல் நான் திரும்பி வந்துவிட்டேன். தெருவில் அதற்கு வாழாவெட்டி என்று பெயர். தம்பி சமீர் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் பொண்டாட்டி ஷமா, பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். அத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் கிடைக்கவில்லை.

பங்குனியில் ரத்தப் பரிசோதனை செய்தோம். எல்.டி.எல். அறுபத்தெட்டு. டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். சித்திரையில், பக்கத்து ராஜகிரிக்கு லீவில் வந்த ஒருவரிடம் சமீர் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பெட்டியைத் தனியாகப் பிரிக்கக் கூடாது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுக்க வேண்டும். உள்ளே என்ன இருந்தாலும் வீட்டுக்கு வீடு பங்கு போக வேண்டும். சோப்பு, பிஸ்தா, தலைவலித் தைலம் என்று காலகாலமாக அப்படித்தான் போகிறது. இந்தத் தடவை பெட்டியில் இருந்தது பாட்டில்கள். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, அப்புறம் ஏதேதோ பழத்தின் சாற்றை அடைத்த சிவப்பு மாத்திரை. அதன் மேல் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கெட்ட கொழுப்பைக் குறைத்து இதயத்தைக் காப்பாற்றுமாம். கூடவே ஒரு சீட்டில் ஷமா எழுதியிருந்தாள்: இங்கே எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் மாமா, சைடு எஃபெக்ட் கிடையாது.

அத்தா மாத்திரைக்கும் பங்குச் சட்டத்தைப் போட்டார். பழைய தினத்தாளைக் கிழித்து, வீட்டுக்குப் பத்து மாத்திரை வீதம் எண்ணி மடித்துக் கொடுத்தார். பேர் கிடையாது, யார் எத்தனை சாப்பிடலாம் என்ற பேச்சு கிடையாது. மறுநாளே அதற்குத் தெருவில் சமீர் மருந்து என்று பெயர் வந்துவிட்டது. எதிர்வீட்டு ரசியா பேகம் பெரியம்மா இரண்டே நாளில் முழங்கால் வலி பறந்துவிட்டது என்றார். யாருக்கு என்ன வியாதி என்றே கேட்காமல் எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்த டாக்டர் என் அத்தா ஒருத்தர்தான்.

மீதிப் பாட்டில்களை ஷோகேஸில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே வரிசையாக வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கதவைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் கொடுப்பார். "நம்ம சமீர் அனுப்புனது. பாரின் சரக்கு" என்பார். மூன்று வேளை சமைத்துப் போட்டு இரவில் முதுகு தேய்த்துவிட்ட நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். என்னை எடுத்து யார் கையில் கொடுக்க முடியும்?

டாக்டரிடம் கேட்டேன். "ஆசைப்பட்டா சாப்பிடட்டும்மா, அதால கெடுதல் ஒண்ணும் வந்துடாது. ஆனா அது நம்ம மாத்திரை செய்யற வேலையைச் செய்யாது. இதை மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார். வந்து அத்தாவிடம் அப்படியே சொன்னேன். "சரிம்மா" என்றார். மாதா மாதம் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். கடைப் பழக்கம், காலி அட்டையைத் திருப்பி வாங்காமல் புது அட்டை கொடுக்கமாட்டேன். மாதக் கடைசியில் காலி அட்டைகளை அடுக்கி ரப்பர்பேண்ட் போட்டு நீட்டுவார். ஒரு குழி பாக்கியிருக்காது.

ஆடியில் மறுபடி பரிசோதனை. எல்.டி.எல். நூற்று அறுபத்து நாலு.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா பாய்?" என்றார் டாக்டர்.

"ஒரு நாள் தவறல டாக்டர். என் மவளைக் கேளுங்க" என்றார் அத்தா.

நானும் காலி அட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினார். கடைக்குப் போய் முதலாளி குணசேகரனோடு சண்டை போட்டேன், சரக்கு போலியா என்று. அவர் பில்லையெல்லாம் எடுத்துப் போட்டு, "பதினோரு வருஷமா என் சோத்தைத் தின்னுட்டு என்னையே திருடங்கறியா?" என்று கத்தினார். அன்று சாயங்காலம் சமீர் வீடியோ காலில் வந்தான்.

"அக்கா, கடையில மலிவா கிடைக்கிற கம்பெனியா பாத்துக் குடுக்கறியா? அத்தா உடம்பு விஷயம். நான் இன்னும் ரெண்டு பாட்டில் அனுப்பறேன்."

அத்தா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்காவைத் திட்டாதடா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வைரக்கண்ணு அண்ணன் கடைக்கு வந்தார். குடமுருட்டிக் கரையில் எங்களுக்கு இருக்கிற மூன்று ஏக்கரையும் குத்தகைக்குச் செய்கிறவர். இருபது வருடமாக எங்கள் வீட்டுச் சோறு அவர் வயலில் விளைந்ததுதான்.

"ஒரு தைலம் குடு பாப்பா. தொடை ரெண்டும் கடுக்குது. உலக்கையால இடிச்சாப்ல இருக்கு" என்றார்.

"நடவே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்ன கடுப்பு?"

"அதான் புரியல. ரெண்டு மாசமா இப்படித்தான்."

யாருக்குத் தைலம் கொடுத்தாலும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாண்ணே?"

"உங்கத்தா ராவுத்தர் குடுக்கிறாரே, அதான். கொழுப்புக்கு."

சமீர் மருந்து வயல் வரைக்கும் போய்விட்டதா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. "அது சிவப்பா, மஞ்சளா?" என்றேன்.

"வெள்ளை" என்று சொல்லி இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு தினத்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள், நீள்வட்டமாக, நடுவில் கோடு போட்டு. என் கையால் மாதா மாதம் அத்தாவுக்கு எடுத்துக் கொடுத்த மாத்திரைகள். டாக்டர் இரண்டு மடங்காக்கிய அதே அளவு.

அண்ணன் விவரமாகச் சொன்னார். மாசியில் கோயில் வாசலில் வைத்த மருத்துவ முகாமில் அவருக்கும் கெட்ட கொழுப்பு அதிகம் என்று இதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விட்டுவிட்டாராம். சித்திரையில் அத்தாவிடம் பேச்சுவாக்கில் சொல்ல, அத்தா ஒவ்வொரு மாதமும் அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிதுக்கிப் பொட்டலம் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டு, காலி அட்டையை என்னிடம் கொடுத்திருக்கிறார். அவரிடமிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். கல்லாவில் இருந்தவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அத்தா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்துவிட்டுப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"சமீர் அனுப்புனதுல எல்லாம் இருக்கும்மா. மீன் எண்ணெய், பூண்டு, எல்லாம் இயற்கை. இது கெமிக்கலு. ஈரலைக் கெடுத்துடும்னு ஷமா சொன்னா."

"அப்ப வைரக்கண்ணு அண்ணனுக்கு ஏன் குடுத்தீங்க? அவருக்கு ஈரல் இல்லையா?"

"தூக்கிப் போட மனசு வரல. வீணாக்குனா அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும். அவனுக்கும் வேணும்னான்" என்றார்.

"உங்களுக்குத் திரும்ப அடைச்சா யார்கிட்ட பதில் சொல்லப் போறீங்க?"

"நீ மட்டும் என்ன?" என்றார் திடீரென்று. "உங்க கடை பெஞ்சுல உக்காந்து எத்தனை நாள் கேட்டிருக்கேன். வர்றவன்கிட்டயெல்லாம் பாட்டிலை எடுத்து வச்சு, 'இயற்கைங்க, சைடு எஃபெக்ட் இல்லைங்க, கொழுப்பு தன்னால இறங்கிடும்'னு நீதானே விக்கிறே? ஊரானுக்கு நல்லதுன்னா எனக்கு மட்டும் கெட்டதா?"

குணசேகரன் சொல்லச் சொல்வார், நான் சொல்வேன். ஒரு பாட்டில் விற்றால் இருபது அட்டை விற்ற லாபம். வேலைக்காரி, முதலாளி சொன்னதைச் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குரல் என்னுடையது. அதைக் கேட்டு நம்பியவர் என் அத்தா.

நான் அழுதுவிட்டேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். சமீரிடம் இப்போதே சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். அத்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"சொன்னீன்னா உன் கையால தண்ணி கூடக் குடிக்கமாட்டேன். நீ சோறு போடுற, துணி துவைக்கிற, ராத்திரி இருமுனா எழுந்து வர்ற. எல்லாம் தெரியுதும்மா. அவன் எனக்குத் தர்றது இது ஒண்ணுதான். இதையும் வேணாம்னுட்டா எனக்கு ஒரு மவன் இருக்கான்னு நான் எப்படி நெனச்சுக்கறது?"

வருடக்கணக்காகப் போட்ட சோறு அந்த ஒரு மாத்திரை எடைக்கு வரவில்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் வாயில் நானே மாத்திரையைப் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். குழந்தையைப் போல வாயைத் திறந்து காட்டினார். வைரக்கண்ணு அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருடைய எல்.டி.எல். அறுபத்தொன்பது. அத்தாவுக்கு வந்திருக்க வேண்டிய எண் அது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, இப்படி அடுத்தவர் மாத்திரையைச் சாப்பிடலாமா என்று எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டு, அண்ணனுக்கு அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். கால் கடுப்பு ஒரு வாரத்தில் குறைந்தது. இனி அவர் மாத்திரை என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அத்தா பதினோரு நாள் என் கையால் மாத்திரை சாப்பிட்டார். ஐந்து மாதமாகப் படிந்ததைப் பதினோரு நாள் என்ன செய்யும்? பன்னிரண்டாம் நாள் காலையில் பஜ்ரு தொழுதுவிட்டுப் பாயிலேயே சாய்ந்தார். தஞ்சாவூருக்குப் போன ஆம்புலன்ஸ் வழியில் அய்யம்பேட்டையைத் தாண்டவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவர் கை கடைத்தெரு அருகே விட்டுப்போனது. டாக்டர் அன்றைக்குச் சொன்னது அப்படியே நடந்தது.

அன்று மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். சமீர் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். இத்தனை வருடமாகக் கிடைக்காத லீவு ஒரே மணி நேரத்தில் கிடைத்திருந்தது. அவன் கதறியதைப் பார்த்துத் தெருவே அழுதது. பொய்யழுகை இல்லை. அத்தாவின் வெறும் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அவன் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரசியா பேகம் பெரியம்மா பெருமூச்சு விட்டு, "மவன் கடல் கடந்து இருந்தும் மருந்தா அனுப்பிக்கிட்டே இருந்தான். பக்கத்துல இருந்தவங்க கொஞ்சம் கவனிச்சிருக்கலாம். மெடிக்கல்லயே வேலை வேற" என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதாவது, எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் பார்வையைத் திருப்பினார்கள்.

சமீர் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனான். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, மறைக்காம சொல்லு. நான் அனுப்புனதை அத்தா ஒழுங்கா சாப்பிட்டாரா? நீ குடுத்தியா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அத்தா என் கையைப் பிடித்தது ஞாபகத்துக்கு வந்தது.

"ஒரு நாள் விடாம சாப்பிட்டாருடா" என்றேன். உண்மைதான்.

அவன் என் தோளில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ், என் கடமையைச் செஞ்சேன்க்கா, அது போதும்" என்றான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் பெட்டியைப் பிரித்தான். சாவு வீட்டுப் பெட்டியானாலும் சட்டம் சட்டம்தான். அத்தாவுக்கென்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஆறு பாட்டில்களைப் பங்கு வைத்தான். வைரக்கண்ணு அண்ணனுக்கு மட்டும் பொட்டலம் கட்டாமல் முழுப் பாட்டில் இரண்டு கொடுத்தான். "அத்தாவுக்குப் பிள்ளை மாதிரி இருந்தீங்க, அவர் ஞாபகமா வச்சுக்குங்க" என்றான். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஞாபகத்துக்குத்தானே, வீட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பத்தாம் நாள் சமீர் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனான்.

ஐப்பசியில் சம்பா நடவு. அண்ணனுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும் என்று புது அட்டையை வாங்கிக்கொண்டு வயலுக்கே போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வரப்பில் நாற்றுமுடி வீசிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"காலி அட்டையைக் குடுங்கண்ணே" என்றேன்.

அவர் தயங்கினார். அப்புறம் ஒரு பெருமையோடு சொன்னார். "அது இன்னும் பாதி அப்படியே இருக்கு பாப்பா. நீ செலவு பண்ணாத. சின்னவரு குடுத்த வெளிநாட்டு மருந்து இருக்குல்ல, இப்ப அதைத்தான் போடறேன். ராவுத்தர் சாப்பிட்ட மருந்து. எனக்குப் போய் முழுப் பாட்டிலாக் குடுத்திருக்காரு, சாப்பிடாம எப்படி?"

மடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். அத்தா வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டிய அதே மாதிரி, எழுத்து எதிராளிக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்திருந்தார்.

தம்பியிடம் நான் விழுங்கிய வார்த்தை இனி என் தொண்டையில் நிற்காது என்று தெரிந்துவிட்டது. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். கத்தலாகத்தான் வந்தது.

"இந்த மாத்திரையை உங்ககிட்ட குடுத்துட்டு, அந்தப் பாட்டிலை நம்பித்தாண்ணே எங்க அத்தா செத்தாரு! ஒரு நாள் விடாம சாப்பிட்டுத்தான் செத்தாரு! கடையில இதே மாதிரி பாட்டிலை நல்லதுன்னு பொய் சொல்லி வித்தது நானு. என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் நம்புனாரு. நீங்களும் போயிடாதீங்க!"

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கும் வருகிறவர்கள். அண்ணன் என் முகத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டிலை என் கையில் வைத்துவிட்டு, அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் இந்தப் பேச்சு ரசியா பேகம் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடும். அங்கிருந்து குணசேகரன் காதுக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஷார்ஜாவுக்கும் போய்விடும். வேலை போகும். தம்பியும் இனிமேல் பேசமாட்டான். போகட்டும் என்று வரப்பிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.